முதல் கை

ஜனவரி 9

தையல்காரிக்கு,

இதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருந்தால் நான் பிழைத்தேன். பிரித்துவிட்டாய் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது, உனக்கு எப்படி இருக்கும்.

ஒரு உதவி வேண்டும். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு என்று அடியிலிருந்து சொல்லிக்கொடுக்கிற பாடம் ஏதாவது இணையத்தில் இருக்கும். உன் போனில் தேடி, அச்செடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். மின்கம்பி டவரிலேயே குடியிருந்தவனுக்கு இப்போது என்ன பாடம் என்று கேட்பாய். கம்பியை மாட்டத் தெரியும், கழற்றத் தெரியும், இழுத்துக் கட்டத் தெரியும். உள்ளே ஓடுவது என்ன என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

இங்கே சிறையில் என் அறையில் ஒருவர் இருந்தார். வெளியே இருக்கும்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. என் வழக்கைக் கேட்டுவிட்டு, "கரண்ட் வர்றதுக்கு கம்பியை ஏதாவது தொடணும்னு இல்லப்பா. பக்கத்துல காந்தம் ஆடினாலே போதும், சும்மா கிடக்கிற கம்பியிலயும் வரும்" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் சொன்னது நிஜமா? இங்கே நூலகம் என்று ஒரு அலமாரி இருக்கிறது. அதில் சமையல் புத்தகமும் அட்டை போன சட்டப் புத்தகமும்தான். லைனில் கரண்டை நிறுத்த நான் சுவிட்சை இறக்கினேன். மச்சான் கம்பியைத் தொட்டுச் செத்தான். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்றுதான் என் மண்டையில் ஏறவில்லை. உன்னை விட்டால் கேட்க எனக்கு நாதி கிடையாது.

என் கடிதம் வந்தது அத்தைக்குத் தெரிய வேண்டாம்.


ஜனவரி 27

கடிதம் வந்தது. தையல்காரி என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். என் தம்பி வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் கூப்பிட்ட பெயர் அது.

நீதிமன்றத்தில் நானும் இருந்தேன். "தப்பான சுவிட்சை இறக்கியிருக்கலாமா?" என்று நீதிபதி கேட்டார். "இருக்கலாம் ஐயா, எனக்கே இப்ப நிச்சயமா தெரியல" என்றீர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சுவிட்சைக்கூடச் சரியாக இறக்காமல் பெண்டாட்டியின் தம்பியை ஏற்றிவிட்டவர் என்றுதான் உங்களைப் பற்றிப் பேச்சு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது காந்தம், கீந்தம் என்றால், தப்பிக்கச் சந்து தேடுகிறீர்கள் என்று தோன்றாதா?

ஆனாலும் தேடினேன். உங்களுக்காக இல்லை. அவன் எப்படிச் செத்தான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தேடுவது என்ன லேசா? காந்தம் என்று தட்டினால் மூட்டுவலிக்குக் காந்த வளையல் விற்கிறான். மின்காந்தம் என்று தட்டினால் பல்கலைக்கழகப் பாடம் வருகிறது. இலவசம்தான், ஆனால் எடுத்த எடுப்பில் தலைகீழ் முக்கோணமும் நெளிந்த கோடுமாக இருக்கிறது. ஒரு வாத்தியார் வீடியோவில் ரயிலுக்கு நேரமான மாதிரி பேசுகிறார். வெளிநாட்டுப் பாடம் ஒன்றில் தமிழ் எழுத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். மேக்னடிக் ஃபீல்டை 'காந்த வயல்' என்கிறது. வயலாம்! உழ மாடு எங்கே என்று தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக அழுதேன்.

கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஒரு தளம் கிடைத்தது. பாடத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.


பிப்ரவரி 11

உனக்கு,

உன் கடிதம் மட்டும் வந்தது. பாடத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுற்றுவேலியில் கரண்ட் ஓடுகிற இடத்தில் கைதிக்குக் கரண்ட் படம் எதற்கு என்று கேட்கிறார், தபாலைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி. அவர் கேட்பதும் நியாயம்தான். (ஐயா, இதையும் படிப்பீர்கள். எனக்கு வருத்தமில்லை.) அச்சுத்தாளும் படமும் உள்ளே வராது. வீட்டுக்காரர்கள் கைப்பட எழுதிய கடிதத்தில் என்ன இருந்தாலும் விட்டுவிடுவாராம்.

கேட்கவே கூசுகிறது. நீயே படித்து, நீயே புரிந்துகொண்டு, படம் போடாமல் எழுத்தாலேயே எழுதி அனுப்ப முடியுமா? ஒரு சட்டையை எப்படி வெட்டுவது என்று துணியைத் தொடாமலே எனக்கு வாயால் புரியவைத்தவள் நீ.

நீதிமன்றத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், சாட்சி சொல்ல வந்த இன்ஜினியர் அடுக்கிய அடுக்கு அப்படி. ஆள் செத்திருக்கிறான், அதனால் கம்பியில் கரண்ட் இருந்தது, அதனால் சுவிட்ச் இறங்கவில்லை. எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. என் கையையே நான் சந்தேகப்பட்டேன்.

சந்து தேடவில்லை. அவனைக் கொன்றது நான்தான் என்றால் எப்படிக் கொன்றேன் என்று தெரிந்துகொண்டு இங்கே கிடக்கிறேன், அவ்வளவுதான்.


மார்ச் 2

எழுதுகிறேன். மருத்துவமனைக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிற வேலை வந்திருக்கிறது. முதுகு ஒடிகிறது. அதற்கு நடுவே இது.

ஒரு டீச்சர் அம்மாவைக் கண்டுபிடித்தேன். வீடியோவில் அவருடைய இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். முகம் இல்லை, பாட்டு இல்லை, மேசைமேல் ஒரு கம்பி, ஒரு காந்தம், ஒரு திசைகாட்டி. அவசரமே படுவதில்லை. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது இதுதான். கம்பியில் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றி ஒரு காந்தப் புலம் உண்டாகும். பக்கத்தில் வைத்த திசைகாட்டி முள் திரும்பிவிடுகிறது, நானே பார்த்தேன். இதற்குத் தலைகீழும் உண்டு. சும்மா கிடக்கிற கம்பிச் சுருள் பக்கத்தில் காந்தம் அசைந்தால் சுருளில் கரண்ட் வரும். காந்தம் அசையாமல் இருந்தால் வராது.

கண்ணால் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த உங்கள் கருவிப் பையை அதுவரை நான் தொட்டதில்லை. அன்றைக்குத் திறந்தேன். முள் மீட்டர் இருந்தது. மெல்லிய செப்புக் கம்பியை மெஷினில் வைத்து பாபினில் சுற்றினேன், அது எனக்குத் தெரிந்த வேலைதானே. பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தேன். பாபின் பக்கத்தில் காந்தத்தை ஆட்டினேன்.

முள் துள்ளியது. ஒன்றும் ஒன்றையும் தொடவில்லை. நிறுத்தினேன், முள் படுத்துவிட்டது. மறுபடி ஆட்டினேன், எழுந்தது. "என்னடி பண்றே?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "மெஷின் மக்கர் பண்ணுதும்மா" என்றேன்.

உங்கள் அறைக்காரர் சொன்னது நிஜம். இன்னொன்றும் படித்தேன். நம் லைனில் வருகிற கரண்ட் ஒரே பக்கமாகப் போவதில்லையாம், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்குமாம். அதனால் அதைச் சுற்றியிருக்கிற காந்தப் புலமும் ஆடும். காந்தத்தைக் கையில் பிடித்து ஆட்ட ஆள் வேண்டியதில்லை.

அந்த டவரில் பக்கத்தில் வேறு லைன் ஓடியதா? அதில் கரண்ட் இருந்ததா?


மார்ச் 15

உனக்கு,

ஓடியது. டவரின் இந்தப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த லைன், அந்தப் பக்கம் இரும்பு உருக்காலைக்குப் போகிற லைன். கடைசிவரைக்கும் இரண்டும் ஜோடியாகத்தான் போகும். அன்றைக்கு உலை முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த லைன் கம்பி சூட்டில் தொய்ந்து தொங்கியதை நானே பார்த்தேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த நாளை இதுவரை நான் உனக்குச் சொன்னதில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

சுவிட்ச் அறையில் லைனை இறக்கிப் பூட்டினேன். சாவி என் பாக்கெட்டில். அங்கேயே எர்த் போட்டேன். எர்த் என்றால் தடித்த செப்புக் கயிற்றால் கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டிவிடுவது. வேலை நடக்கிற டவரிலும் ஒன்று கட்ட வேண்டும் என்று விதி. ஒப்பந்தக்காரர் கொடுத்திருந்தது ஒரே ஒரு செட். நாங்களும் இன்னொன்று கேட்டதில்லை. எவனாவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் காப்பாற்றத்தானே எர்த் என்று நினைத்திருந்தோம். சாவி என்னிடம் இருக்கும்போது எவன் போடப்போகிறான்?

அதற்குப் பதில் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சை இறக்கியவன்தான் கம்பியில் முதல் கை வைக்க வேண்டும். தன் உயிரை வைத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவனைக் கூப்பிடலாம். நான் தலைவனாக வந்த பிறகு ஏற்படுத்திய வழக்கம். அதனால்தான் பையன்கள் என்னை நம்பி எங்கே வேண்டுமானாலும் ஏறினார்கள்.

அன்றைக்கும் வைத்தேன். பைபர் ஏணியில் நின்று உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தேன். ஒன்றுமே இல்லை. "வாடா மச்சான், குளுகுளுன்னு இருக்கு" என்றேன். அவன் டவர் வழியாக ஏறிப்போய் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து, "மாமா கை வச்சா மகாராஜா கை வச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான்.

முதலில் நான் தொட்டேன் என்பதை யாரும் நம்பவில்லை. எனக்கு இத்தனை நாள் இருந்த ஒரே ஆறுதல் அதுதான். அவனுக்கு முன்னால் என் உயிரைத்தான் வைத்தேன். ஆனால் இப்போது இடிக்கிறது. காந்தத்தால் கம்பியில் கரண்ட் வந்தது என்றால் அது என்னை ஏன் விட்டது?


ஏப்ரல் 6

பதில் கிடைத்துவிட்டது. எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு அனுப்பிவிடுகிறேன்.

பாபினிலிருந்து மீட்டருக்குப் போகிற இரண்டு முனைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டுக் காந்தத்தை ஆட்டிப் பாருங்கள் என்றார் டீச்சர் அம்மா, இன்னொரு வீடியோவில். ஆட்டினேன். முள் அசையவே இல்லை. கம்பி வளையமாக மூடியிருந்தால்தான் கரண்ட் ஓடும். ஒரு இடத்தில் திறந்திருந்தால் ஓடாது. அவருடைய இணையப் பக்கத்திலேயே லைன் வேலைக்காரர்களுக்கான பயிற்சிப் பாடம் ஒன்றுக்கு வழி காட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.

உங்கள் டவரில் வளையம் எது தெரியுமா? கம்பி, சுவிட்ச் அறையில் நீங்கள் போட்ட எர்த், மண், டவரின் இரும்பு. எல்லாம் சேர்ந்துதான் இருந்தன. கம்பிக்கும் டவருக்கும் நடுவே மட்டும் திறந்திருந்தது. நீங்கள் நின்றது பைபர் ஏணி. அது கரண்டை விடாது, நீங்கள் தொட்டும் வளையம் மூடவில்லை. என் தம்பி இரும்பில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினான். அவன் உடம்புதான் அந்த இடைவெளியை மூடியது. டவரிலும் எர்த் கட்டியிருந்தால் கரண்ட் அந்தக் கயிற்றோடு போயிருக்கும். அதற்காகத்தான் அந்த விதியாம்.

நீங்கள் சரியான சுவிட்சைத்தான் இறக்கினீர்கள். நம்புகிறேன். இத்தனை மாதம் உங்களைத் திட்டாமல் நான் படுத்ததில்லை. அந்தத் திட்டு தப்பு.

ஆனால் இதையும் எழுதியாக வேண்டும். நீங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் அவன் யோசித்திருப்பான். அவன் பயந்த சுபாவம், உங்களுக்கே தெரியும். உங்கள் கையைப் பார்த்துத்தான் அவன் கையை நீட்டினான்.

வக்கீலைப் பார்த்தேன். மேல்முறையீட்டில் ஜெயிக்கலாம் என்கிறார். லைன் இறக்கப்பட்டிருந்தது, ஒரே எர்த் செட் கொடுத்த ஒப்பந்தக்காரர்தான் பொறுப்பு என்று வாதாடுவாராம். "முதல் கை பத்தி மட்டும் இனிமே யாருக்கும் மூச்சு விடக்கூடாது, எழுதவும் கூடாது. சொன்னா அவர் தலையிலயே வந்து விழும்" என்றார். இந்தக் கடிதங்களைப் பார்த்தால் மனிதர் மயக்கம் போட்டு விழுவார்.

குழுவையும் போய்ப் பார்த்தேன். உங்கள் இடத்தில் இப்போது நெட்டை இருக்கிறார். அவரும் கை வைக்கிறார். "அண்ணன் பழக்கிவிட்டது, உயிரே போனாலும் விட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார். பாபினை வைத்து ஆட்டிக் காட்டினேன். "தங்கச்சி, இத்துனூண்டு முள்ளு ஆடறதுக்கும் ஆளு சாகறதுக்கும் என்ன சம்பந்தம்? அண்ணன் கைப்பட எழுதட்டும், கேக்கறோம்" என்றார்.

மே மாதக் கடைசியில் அதே லைனில் ஏறப்போகிறார்கள். எழுதிக் கொடுங்கள்.


ஏப்ரல் 21

உனக்கு,

'நம்புகிறேன்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய். அதோடு உன் கடிதம் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

வக்கீல் சொன்னபடியே இருப்போம். வெளியே வந்ததும் முதல் வேலையாக நானே குழு கூடுகிற ஷெட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். எதிரே நின்று சொன்னால்தான் பையன்கள் கேட்பார்கள், காகிதத்துக்குக் கேட்பவர்கள் இல்லை. இந்த இடத்தின் நாற்றம் உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வர வேண்டும் எனக்கு. அது தப்பா?


மே 3

தப்பில்லை. எனக்கும் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தனியாக முடியவில்லை. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். அவளைத் தூக்கி உட்காரவைக்க என் ஒருத்தியால் ஆகவில்லை. தைத்துக்கொண்டே தூங்கி, ஊசியில் விரலைக் குத்திக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் வரும்வரைக்கும் அவர்கள் ஏறாமல் காத்திருப்பார்களா? உருக்காலை உலையை அணைத்து வைத்திருக்குமா?

நெட்டையின் மனைவி என்னிடம் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள், அவருக்குத்தான். இன்னும் வெட்டவில்லை. துணியைக் கையில் எடுக்கிறேன், மடித்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன்.


மே 14

உனக்கு,

கோட்டுக்குக் கீழே இருப்பது அவர்களுக்கு. கிழித்துக் கொடு. கொடுத்தால் நான் இங்கேதான். கொடுக்காமல் அடுப்பில் போட்டாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். முடிவை உன் தலையில் கட்டுகிறேன் என்று கோபப்படாதே. இதை எழுதி முடித்ததோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது.

—————

நெட்டைக்கும் தம்பிகளுக்கும்,

முதல் கை வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது வீரமும் இல்லை, சோதனையும் இல்லை. இறக்கிப் பூட்டிய லைனிலும் பக்கத்து லைனால் கரண்ட் வரும். ஏணியில் நிற்பவனுக்கு அது தெரியாது, டவரில் உட்கார்ந்தவனைக் கொல்லும். என் மச்சான் அப்படித்தான் செத்தான். சுவிட்ச் தப்பில்லை. டவரில் எர்த் கட்டாமல், கம்பியில் கையை வைத்துக் காட்டி, 'வாடா, குளுகுளுன்னு இருக்கு' என்று அவனைக் கூப்பிட்டது நான். எர்த் இன்னொரு செட் கேட்காததும் நான். அவன் என்னை நம்பினான். நீங்கள் என்னை நம்பாதீர்கள். டவரில் எர்த் கட்டாமல் எவன் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். உங்கள் அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அவன் சொல்வது இதுதான்.


ஜூன் 28

உங்கள் மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. வக்கீல் சொல்லியனுப்பியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன்.

வந்த அன்றே அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போதெல்லாம், கொடுக்காதே, கொடுக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவர்கள் ஏறுவதற்கு முந்தின நாள்தான் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெட்டை சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். 'கூப்பிட்டது நான்' என்கிற இடத்தில் நிறுத்தி, தாளைப் பக்கத்தில் நீட்டிவிட்டார். மீதியை இன்னொருவர் படித்தார்.

மறுநாள் இரண்டாவது எர்த் செட் கேட்டார்கள். "இத்தனை வருஷம் இல்லாத பயம் இப்ப எங்கேருந்து வந்தது?" என்று ஒப்பந்தக்காரர் சத்தம் போட்டார். ஒருவரும் ஏறவில்லை. அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வேறு ஆட்களைக் கூட்டி வந்தார். நெட்டை டவரடியில் நின்று அவர்களிடமும் தாளைக் காட்டியிருக்கிறார். அவர்களும் ஏறவில்லை. அந்தத் தள்ளுமுள்ளில் தாள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 'குளுகுளுன்னு இருக்கு' என்பதை நீதிபதி இரண்டு முறை வாசித்தார். உங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம், வளையம், ஏணி, கை எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நேற்று நெட்டையின் மனைவி வந்தாள். வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டாள். "உன் புருஷன் எழுதின எழுத்தால எங்க வீட்டு அடுப்புல பூனை தூங்குதுடி. வேலைக்குப் போக வேண்டிய மனுஷன் காலையிலேருந்து குத்துக்கல்லாட்டம் வீட்டுல உக்காந்திருக்காரு. எதைக் கேட்டாலும் சுள்ளுன்னு விழறாரு. நல்லா இருப்பியா நீ? உருப்படுவியா?" என்று கேட்டாள். தைத்த சட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கி என் மேலேயே வீசிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதேன். உங்கள் மேல், அவள் மேல், அந்தத் தாளைக் கொடுத்த என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். என் தம்பி இல்லை, நீங்களும் இப்போதைக்கு வரப்போவதில்லை. அம்மாவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அவள் என்னென்னவோ கத்தினாள். எல்லாம் மறந்துவிட்டது, ஒன்றுதான் காதிலேயே நிற்கிறது. அவள் புருஷன் காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.